சாதக அறையிலிருந்து சபை மேடைக்கு

இசைக் கலைஞன் ஒருவனுடைய வாழ்நாளிற் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாமலே கழிந்துவிடுகிறது. இரண்டு மணி நேரக் கச்சேரிக்குப் பின்னால் இருபது ஆண்டுச் சாதகம் இருக்கிறது. கதவை அடைத்துக்கொண்டு ஒரே சுரக்கோவையை நூறு முறை, ஆயிரம் முறை திருப்பித் திருப்பி வாசித்த அந்த உழைப்பை எவரும் கேட்க விரும்புவதில்லை. கலைஞனும் அதனை எவருக்கும் காட்ட விரும்புவதில்லை. அடுப்படிப் புகை விருந்தினர் கண்ணிற் படலாகாது என்பது போன்ற வழக்கம் இது. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில், பியானோ என்னும் ஒரு வாத்தியத்தைப் பொறுத்தவரையில், இந்த வழக்கம் தலைகீழாயிற்று. சாதகமே மேடையேறிற்று. விரற்பயிற்சியாகத் தொடங்கிய உருப்படிகளைப் பணங்கொடுத்துக் கேட்க மக்கள் திரண்டனர். அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் இசைக்கு விளைந்தது நன்மையா தீமையா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எத்யூட் என்பது ஒரு பிரெஞ்சுச் சொல். பயிலுதல் என்பது அதன் பொருள். வாசிப்பில் ஏற்படும் ஏதேனும் ஓர் இடர்ப்பாட்டை எடுத்துக்கொண்டு, அதனை வெல்வதற்கென்றே, தொடக்கம் முதல் முடிவு வரை அந்த ஒன்றையே கையாண்டு அமைக்கப்படும் சிறு உருப்படி எத்யூட் எனப்படும். நமது சங்கீத மரபில் அப்பியாச கானம், சபா கானம் என இரு வகை வகுத்திருப்பதை நேயர்கள் அறிவர். சரளி வரிசையும் அலங்காரமும் அப்பியாசத்துக்கு உரியவை. கீர்த்தனம் சபைக்கு உரியது. வர்ணமோ இரண்டிடத்தும் உரிமையுடையது. ஐரோப்பிய எத்யூட்டுக்கும் நமது வர்ணத்துக்கும் உறவு எதுவும் இல்லை. எனினும், பயிற்சிக்குரிய ஒன்று சபைக்கும் உரியதாதல் எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ள வர்ணம் நமக்குத் துணைசெய்யும்.

முதலில் வாத்தியத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பியானோவை இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரத்தில் 1700ஆம் ஆண்டளவில் பார்த்தொலோமேயோ கிறிஸ்தோபோரி என்பவர் உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகோர்ட் என்னும் வாத்தியத்திற் கட்டையை அழுத்தினால் தந்தி மீட்டப்படும். மெல்ல அழுத்தினாலும் வலிந்து அழுத்தினாலும் ஒலியிற் பெரிய வேறுபாடு தோன்றாது. கிறிஸ்தோபோரி, தந்தியை மீட்டுவதற்குப் பதிலாக, சிறிய சுத்தியலொன்று அதனைத் தட்டும்படி செய்தார். விரலின் விசைக்கேற்ப ஒலி மெலிந்தும் வலுத்தும் வந்தது. மொசார்ட்டின் காலத்தில் ஐந்து ஸ்தாயி அளவாக இருந்த கட்டைவரிசை அடுத்த அரை நூற்றாண்டளவில் ஏறத்தாழ ஏழு ஸ்தாயியாக விரிந்தது. மரச் சட்டத்துக்கு இரும்பு வலுவூட்டிற்று; தந்திகள் தடித்தன. 1821ஆம் ஆண்டில் எரார் நிறுவனம் புதியதொரு பொறியமைப்புக்கு உரிமைச் சாசனம் பெற்றது. அழுத்திய கட்டை முழுவதும் மேலெழும்பு முன்னரே அதே சுரத்தை மீண்டும் ஒலிக்கச் செய்ய அவ்வமைப்பு வழிவகுத்தது. ஒரே சுரத்தை மின்னல் வேகத்தில் திருப்பித் திருப்பி ஒலிப்பித்தல் அதன் பின்னரே எளிதாயிற்று.

வாத்தியம் புதியது, அதற்கேற்ற கைமுறை இன்னும் அமையவில்லை. அதே காலத்தில், பிரபுக்களின் மாளிகைகளில் ஒலித்த இசை, வணிகர், வழக்கறிஞர், உத்தியோகத்தர் ஆகியோரின் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுக்கொரு பியானோ என்பது நடுத்தர வகுப்பாரின் பெருமைக்கு அடையாளமாயிற்று. வாத்தியம் வாங்கியவர்களுக்கு ஆசிரியர் வேண்டும்; ஆசிரியருக்குப் பாடநூல் வேண்டும். இத்தேவையை நிறைவு செய்தவர்களுள் முதல்வர் முத்சியோ கிளெமெந்தி. உரோமையிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இவர் வாசிப்பாளர், இசையாசிரியர், பதிப்பாளர், பியானோ உற்பத்தியாளர் என எல்லாமாக விளங்கியவர். நூறு உருப்படிகள் கொண்ட அவருடைய பெரும் பயிற்சித் தொகுதி 1817 முதல் 1826 வரை மூன்று பாகங்களாக வெளிவந்தது. லண்டனில் வாழ்ந்த கிராமர் என்பவர் 1804ஆம் ஆண்டிலும் 1810ஆம் ஆண்டிலும் வெளியிட்ட எத்யூட்டுகளும் பெரும் பெயர் பெற்றன. வியென்னாவிலே, பேத்தோவனின் மாணவரான கார்ல் செர்னி, பயிற்சி நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் குவித்தார். இன்றும் பியானோ பயிலும் சிறுவர் பலர் செர்னியின் பெயரை ஒரு பெருமூச்சுடனேயே சொல்வர்.

இப்பயிற்சிகளிற் பல நல்லவையே. ஆனால், காலப்போக்கில் விரலை ஒரு பொறியாகக் கருதும் மனப்பாங்கு வளர்ந்தது. இயற்கையில் ஐந்து விரல்களும் ஒரே வலிமையுடையன அல்ல. மோதிர விரல் மெலிந்தது, சுண்டுவிரல் சிறியது. எல்லா விரல்களையும் சமமாக்கிவிட வேண்டும் என்பதே பயிற்சியின் குறிக்கோள் எனக் கொண்டனர். 1814ஆம் ஆண்டில் லோஜியர் என்பவர், கைகளை உரிய நிலையிற் பிடித்துவைக்கும் மரச்சட்டம் ஒன்றுக்கு உரிமைச் சாசனம் பெற்றார். பரிஸ் நகரத்திற் புகழோங்கியிருந்த கால்க்பிரென்னர் என்ற வித்துவானும் மணிக்கட்டைத் தாங்கும் கம்பி ஒன்றைப் பரிந்துரைத்தார்.

இந்த மனப்பாங்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரொபேர்ட் ஷூமன் என்னும் இளைஞரின் வாழ்க்கை ஒரு சான்று. ஜேர்மனியிலுள்ள லைப்சிக் நகரத்திற் பிரீட்ரிக் வீக் என்ற ஆசிரியரிடம் பயின்ற அவர், பெரிய பியானோ வித்துவானாக வேண்டும் என்ற பேரவாவுடன் இரவு பகலாகச் சாதகம் செய்தார். விரலை வலுப்படுத்தும் ஒரு கருவியையும் கையாண்டார். 1832ஆம் ஆண்டளவில் அவருடைய வலக்கை விரல் செயலிழந்தது. எந்த மருத்துவமும் பலிக்கவில்லை. காரணம் கருவிதானா, உடலிலே முன்னரே இருந்த நோயா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மேடைக் கனவு அத்தோடு முடிந்தது என்பதிற் கருத்து வேறுபாடு இல்லை. ஷூமன் தம் முழு ஆற்றலையும் இசை இயற்றுவதிலும் திறனாய்விலும் செலுத்தினார். 1834ஆம் ஆண்டில் இசைக்கென ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். எத்யூட்டின் வரலாற்றிற் பின்னர் அவர் ஒரு நீதிபதியாகத் தோன்றுவதைக் காண்போம்.

இவ்வாறு பாடசாலைப் பொருளாகக் கிடந்த எத்யூட்டை மேடைக்கு இழுத்தவர் ஒரு பியானோ வாசிப்பாளர் அல்லர். வயலின் வித்துவான் ஒருவர். இத்தாலியரான நிக்கொலோ பகனினி 1820ஆம் ஆண்டில் இருபத்துநான்கு வயலின் உருப்படிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அரிய நுட்பத்தை எடுத்து ஆள்வது. கலைஞர்களுக்கு எனக் காணிக்கை எழுதியிருந்தார். அவர் ஐரோப்பா எங்கும் சென்று வாசித்தபோது, கேட்டவர்கள் அவரிடம் ஏதோ அமானுஷ்ய சக்தி இருக்கிறது என்றே பேசிக்கொண்டனர். 1829ஆம் ஆண்டில் வார்சோ நகரத்தில் அவரைக் கேட்டவர்களுள் பத்தொன்பது வயதுப் போலந்து இளைஞர் ஒருவர் இருந்தார். 1832ஆம் ஆண்டில், பரிஸ் நகரத்தை வாந்திபேதி வாட்டிய வேளையில், நோயாளர் உதவிக்காகப் பகனினி நடத்திய கச்சேரியைக் கேட்டவர்களுள் இருபது வயது ஹங்கேரிய இளைஞர் ஒருவர் இருந்தார். முன்னவர் பிரடெரிக் ஷோப்பான். பின்னவர் பிரான்ஸ் லிஸ்ற். பகனினி வயலினில் செய்ததைப் பியானோவிற் செய்ய இயலுமா என்ற வினா இருவர் உள்ளத்திலும் எழுந்தது. அவர்கள் கண்ட விடைகள் வெவ்வேறானவை.

ஷோப்பான் 1831ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற் பரிஸ் வந்து சேர்ந்தார். கால்க்பிரென்னர் அவருடைய வாசிப்பைக் கேட்டுவிட்டு, தம்மிடம் மூன்றாண்டு பயிலுமாறு அழைத்தார். ஷோப்பான் பணிவுடன் மறுத்துவிட்டார். அதற்குத் தக்க காரணம் இருந்தது. வார்சோவில் இருந்தபோதே அவர் தமக்கெனப் புதுவகை எத்யூட்டுகளை எழுதத் தொடங்கியிருந்தார். அவற்றுட் பன்னிரண்டு, 1833ஆம் ஆண்டில், நண்பர் லிஸ்ற் அவர்களுக்குக் காணிக்கையாக வெளிவந்தன. இன்னும் பன்னிரண்டு 1837ஆம் ஆண்டில் வெளிவந்தன.

இவற்றின் புதுமை யாது? பழைய ஆசிரியர்கள் விரல்களின் வேற்றுமையை ஒரு குறையெனக் கருதி அதனை அழிக்க முயன்றனர். ஷோப்பானோ, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இயல்பு உண்டு, அவ்வியல்பே ஒலியின் அழகுக்கு மூலம் எனக் கொண்டார். தம் மாணவர்களுக்குக் கையை இயல்பாக வைக்கக் கற்பிக்கும்போது, நீண்ட விரல்கள் மேலெழுந்த கறுப்புக் கட்டைகளிலும் குறுகிய விரல்கள் வெள்ளைக் கட்டைகளிலும் படியுமாறு அமைப்பார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற் சாதகம் வேண்டாம் என்பதும் அவருடைய கட்டளை.

அவருடைய முதல் தொகுதியில் இரண்டாவது எத்யூட்டை எடுத்துக்கொள்வோம். வலக்கையின் மெலிந்த மூன்று விரல்களும் இடைவிடாது ஓடும் ஒரு சுரவோட்டத்தை நிகழ்த்த, வலிய விரல்களாகிய பெருவிரலும் சுட்டுவிரலும் சிறு தாளத் தட்டல்களோடு அடங்கியிருக்கும். மெலியோர் ஓட, வலியோர் துணைநிற்கும் ஏற்பாடு அது. அடுத்துவரும் மூன்றாவது எத்யூட்டில் வேகமே இல்லை. மெல்ல நடக்கும் ஓர் இனிய பாட்டை வலக்கையின் மேல்விரல்கள் பாட, அதே கையின் கீழ்விரல்கள் அதற்குச் சுருதிபோல அசைந்துகொண்டிருக்கும். ஒரே கைக்குள் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் இருக்கிறார்கள். ஒருவர் மற்றவரை அமுக்கிவிடாமற் காப்பதே இங்குள்ள இடர்ப்பாடு. வேகந்தான் கடினம் என்ற எண்ணத்தை இந்த ஓர் உருப்படி தகர்த்துவிடுகிறது. கேட்பவருக்கு அங்கே பயிற்சி தெரிவதில்லை, பாட்டே தெரிகிறது.

புதுமையைக் கண்டு எள்ளி நகையாடியவர்களும் இருந்தனர். பெர்லின் நகரத்துத் திறனாய்வாளர் ரெல்ஸ்ராப், கோணிய விரலுடையோர் இவற்றை வாசித்தால் விரல் நிமிரக்கூடும் என்றும், மற்றையோர் அறுவை வைத்தியரை அருகில் வைத்துக்கொண்டே வாசிக்க வேண்டும் என்றும் எழுதினார். ஆனால், 1833ஆம் ஆண்டில் ஷோப்பான் தம் நண்பர் ஹில்லருக்கு ஒரு கடிதம் எழுதும்போது, பக்கத்தில் லிஸ்ற் அந்த எத்யூட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார். தம் உருப்படிகளைத் தாமே வாசிப்பதற்கு அவருடைய வாசிப்பு முறையைத் திருடிக்கொள்ள மாட்டோமா என ஏங்குவதாக ஷோப்பான் அக்கடிதத்திற் குறிப்பிட்டார்.

இனி, லிஸ்ற் அவர்களிடம் வருவோம். 1811ஆம் ஆண்டில், அந்நாளில் ஹங்கேரி நாட்டைச் சேர்ந்ததும் இன்று ஒஸ்திரியாவில் உள்ளதுமான ரைடிங் என்னும் சிற்றூரிற் பிறந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது அவரைத் தந்தையார் வியென்னாவுக்கு அழைத்துச் சென்று செர்னியிடம் ஒப்படைத்தார். பையனிடம் மேதை பொங்கிற்று, ஒழுங்கு இல்லை. செர்னி அவனுக்குத் தாளக்கட்டுப்பாட்டையும் விரலொழுங்கையும் ஊட்டினார். அதற்குக் கட்டணம் பெறவில்லை. பதினைந்தாம் வயதளவில் லிஸ்ற் பன்னிரண்டு சிறு பயிற்சிகளை எழுதி வெளியிட்டார். ஆசிரியரின் சாயல் படிந்த, தெளிவான, அடக்கமான பயிற்சிகள் அவை. நாற்பத்தெட்டு எழுதுவதாகத் தலைப்பில் வாக்களித்திருந்தார், பன்னிரண்டே வெளிவந்தன.

பின்னர் பகனினியைக் கேட்ட அதிர்ச்சி வந்தது. சில நாட்களில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நாள்தோறும் நாலைந்து மணி நேரம் விரற்பயிற்சியிலேயே கழிவதாகவும், பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் ஒரு கலைஞனைக் காணலாம் என்றும் லிஸ்ற் தெரிவித்தார். 1837ஆம் ஆண்டளவில் அவர் தமது பழைய பன்னிரண்டு பயிற்சிகளையும் மீண்டும் கையிலெடுத்தார். அவற்றுட் பெரும்பாலானவற்றை ஆதாரமாக வைத்துக்கொண்டு மாபெரும் கட்டடங்களை எழுப்பினார். எடுத்துக்காட்டாக நான்காவது பயிற்சி, முதல் வடிவில், இரு கைகளும் மாறிமாறிச் சுர இணைகளை ஓட்டும் எளிய பாடமாக இருந்தது. இரண்டாம் வடிவில் அந்தச் சுர இணைகள் நடுவே குதிரைக் குளம்பொலிபோல விரைய, அவற்றின் மேலே கம்பீரமான ஒரு பாட்டு எழுந்தது. 1840ஆம் ஆண்டில் அதற்கு மசெப்பா எனப் பெயரிட்டார். காட்டுக் குதிரையின் முதுகிற் கட்டப்பட்டுப் புல்வெளியெங்கும் இழுத்துச் செல்லப்பட்டவனும், இறுதியில் தலைவனாக எழுந்தவனுமாகிய மசெப்பாவைப் பற்றி விக்தோர் ஹியூகோ பாடிய கவிதையே அப்பெயருக்கு மூலம்.

1839ஆம் ஆண்டில் இத்தொகுதி அச்சேறியபோது, அதனைச் சீர்தூக்கி எழுதியவர் விரலிழந்த ஷூமன். அவர் பதினைந்து வயதுச் சிறுவனின் நூலையும் புதிய நூலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். இந்தப் புயலை வாசித்து வெல்லக்கூடியவர் உலகத்திற் பத்துப் பன்னிருவருக்கு மேல் இருக்கமாட்டார் என்றார். அதிற் புகழ்ச்சியும் உண்டு, கண்டனமும் உண்டு. பத்துப் பேருக்காக எழுதப்படுவது கலையா, களரியா என்ற ஐயம் அவ்வார்த்தைகளின் அடியில் இருக்கிறது.

அந்த ஐயத்துக்கு விடை பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரே கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் லிஸ்ற் ஐரோப்பாவை வலம் வந்தார். பாடகரும் வாத்தியக் குழுவும் கலந்து நடத்திய கச்சேரியே வழக்கமாக இருந்த அக்காலத்தில், தாம் ஒருவரே முழு நிகழ்ச்சியையும் வாசித்தார். 1840ஆம் ஆண்டில் லண்டனில் அத்தகைய நிகழ்ச்சிக்கு இடப்பட்ட ரிசைற்றல் என்னும் பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. எட்டாண்டுகளில் அவர் நடத்திய கச்சேரிகள் ஆயிரத்துக்கு மேல் என மதிப்பிடுவர். பின்னர், 1847ஆம் ஆண்டில், முப்பத்தைந்தாம் வயதிலே, புகழின் உச்சியில் நின்றபோதே, மேடைத் தொழிலை விட்டொழித்து வைமார் நகரத்தில் இசைப்பணி ஏற்றார். அதன்பின் தம் சொந்த ஊதியத்துக்கென அவர் பியானோ வாசித்ததில்லை.

வைமாரில், 1851ஆம் ஆண்டில், லிஸ்ற் அந்தப் பன்னிரண்டையும் மூன்றாம் முறையாக எழுதினார். இம்முறை அவர் கூட்டவில்லை, குறைத்தார். பெருங்கையுடையோர்க்கன்றி எட்டாத அகன்ற சுரக்கூட்டுகளை மாற்றினார். ஒலியைத் தடிப்பிப்பதற்கென்றே இட்டிருந்த சுரங்களை நீக்கினார். இரண்டைத் தவிர ஏனையவற்றுக்குப் பெயர் சூட்டினார். வாத்தியத்தின் கட்டைகள் முன்னிலும் கனத்திருந்தமையும் இத்திருத்தத்துக்கு ஒரு காரணம் என்பர். அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், திருத்திய வடிவைக் கேட்போருக்கு மற்றொன்றும் புலனாகும்: முன்பு வாசிப்பவனின் ஆற்றலைக் காட்டிய இடங்கள் இப்பொழுது இசையின் கருத்தைக் காட்டுகின்றன. 1852ஆம் ஆண்டில் அச்சிட்ட இவ்வடிவமே தாம் ஒப்புக்கொள்வது என அவர் அறிவித்தார். நூலைத் தம் பழைய ஆசிரியர் செர்னிக்கே காணிக்கையாக்கினார். ஒரே கருப்பொருளைப் பதினைந்து வயதில் எளிமையாகவும், இருபத்தாறு வயதில் இயன்ற மட்டும் கடினமாகவும், நாற்பது வயதில் தேவையான அளவுக்கு மட்டும் கடினமாகவும் எழுதிய வரலாறு இது. மூன்றாம் வடிவமும் எளிதன்று. இன்றும் பெரும் வித்துவான்களுக்கே சோதனையாக விளங்குவது. ஆனால், அங்கே கடினம் பணியாளாக நிற்கிறது, எசமானாக இருப்பதில்லை.

இதன்பின் எத்யூட் சபையில் நிலையான இடம் பெற்றது. கச்சேரி எத்யூட் என்னும் தொடரே நூல்களின் தலைப்பாயிற்று. ஷூமன், பகனினியின் வயலின் உருப்படிகளைப் பியானோவுக்கு மாற்றி 1835ஆம் ஆண்டிலேயே அப்பெயரை இட்டிருந்தார். லிஸ்ற் 1849ஆம் ஆண்டில் மூன்றும், 1860களில் இரண்டும் அப்பெயரால் வெளியிட்டார். பரிஸ் நகரத்தில் ஒதுங்கி வாழ்ந்த அல்கான் என்பவர் 1857ஆம் ஆண்டில் வெளியிட்ட எத்யூட் தொகுதிக்குள், தனிப் பியானோவுக்கென ஒரு முழுச் சிம்பொனியையும் ஒரு முழுக் கொன்செர்ட்டோவையும் அடக்கிவைத்தார். லிஸ்ற் முடிக்காமல் விட்ட சுருதிகளில், ருசிய நாட்டு லியாபுனோவ் பன்னிரண்டு எத்யூட்டுகளை எழுதி 1905ஆம் ஆண்டில் நிறைவு செய்து, அப்பெரியாரின் நினைவுக்கு அர்ப்பணித்தார். 1915ஆம் ஆண்டில், போரும் நோயும் சூழ்ந்த வேளையில், பிரெஞ்சு இசைமேதை டெபுஸி பன்னிரண்டு எத்யூட்டுகளை எழுதி ஷோப்பானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்ற குறிப்பு எதனையும் அவர் அவற்றில் இடவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கைக்கு ஏற்ற வழியைத் தாமே தேடிக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. விரல்களைச் சட்டத்திற் பூட்டிவைத்த காலத்திலிருந்து இசையுலகம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு அந்த ஒன்றே போதிய அடையாளம்.

சாதகம் மேடையேறியதனால் தீமை விளையவில்லை எனச் சொல்ல முடியாது. கைவேகத்தைக் காட்டிக் கரவொலி பெறுவதே நோக்கமான வெற்று எத்யூட்டுகள் அந்த நூற்றாண்டில் ஏராளமாக எழுதப்பட்டன, அவை மறக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை, பயிற்சியை ஒளிக்காமலும் அதனைப் பறைசாற்றாமலும், அதன் உள்ளிருந்தே இசையை வெளிக்கொணர்ந்தவை. நேயர்கள் அடுத்த முறை வானொலியில் ஷோப்பானின் எத்யூட் ஒன்றையோ லிஸ்ற் அவர்களின் எத்யூட் ஒன்றையோ கேட்கும்போது, இதிலே கையாளப்பட்ட இடர்ப்பாடு எது என முதலிற் காது கொடுத்துத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் சில நொடிகளிற் பிடிபட்டுவிடும். அதுதான் தொடக்கம் முதல் முடிவு வரை வருகிறதே. பின்னர் அதை விட்டுவிட்டு உருப்படியைத் தொடர்ந்து கேளுங்கள். நடுவழியில் அந்த இடர்ப்பாட்டை நீங்கள் மறந்து போவீர்களாயின், இயற்றியவரும் வாசித்தவரும் தத்தம் கடமையைச் செய்துவிட்டனர் என்று கொள்ளலாம்.